பத்து நிமிஷத்துல ஒரு பாஸ்: விண்வெளி நிலையத்தின் சிக்னலை மொட்டை மாடியில் பிடிப்போம்

தலைப்பைப் பார்த்துட்டு அரியர் க்ளியர் பண்ற ஐடியான்னு நினைச்சு உள்ள வந்தவங்க மன்னிக்கணும். இது வேற பாஸ். ஒரு செயற்கைக்கோள் அடிவானத்தில் ஒரு பக்கம் எழுந்து, வானத்தைக் கடந்து, இன்னொரு பக்கம் இறங்குகிற ஒரு பயணத்துக்குத்தான் ‘பாஸ்’னு பேரு. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு (இனிமே ‘நிலையம்’னு சொல்றேன்) அது அதிகபட்சம் பத்து நிமிஷம் சொச்சம்.

அந்தப் பத்து நிமிஷத்துக்குள் அங்கிருந்து வரும் ரேடியோ சிக்னலை நாமே கேட்க முடியும். தேவை: ஒரு ஸ்டீல் டேப், கொஞ்சம் பிவிசி பைப், ஒரு யூஎஸ்பி டாங்கிள், லேப்டாப். ஆனா ஒரு கண்டிஷன். மாடிக்குப் போறதுக்கு முன்னாடி பேப்பர்ல கணக்குப் போடணும். நான் கணக்கு போடாமப் போய் வரிசையா மூணு பாஸ்ல ஃபெயில் ஆனவன். அந்த மூணு ஃபெயிலும் கீழே வரும்.

மேலே யார் பேசுறாங்க?

கற்றுக்கொள்வதற்காகவும் பொழுதுபோக்குக்காகவும், முறையா உரிமம் எடுத்து ரேடியோ இயக்குபவர்களை ஹாம் என்று சொல்வார்கள். 1957-ல் ஸ்புட்னிக் மேலே போச்சு. நாலே வருஷத்தில், 1961 டிசம்பர் 12 அன்று, அமெரிக்க ஹாம்கள் தாங்களே செய்த ஆஸ்கார்-1 என்ற செயற்கைக்கோளும் மேலே போச்சு. ராக்கெட்டில் எடையைச் சமன் செய்ய வைக்கும் பாரத்துக்குப் பதிலா இதை வைத்து அனுப்பினார்கள். எடை சுமார் 4.5 கிலோ. ஒலிபரப்புத் திறன் 140 மில்லிவாட். மோர்ஸ் குறியீட்டில் ‘ஹாய்’ என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்: உள்ளே இருக்கும் வெப்பநிலைக்கு ஏற்ப ‘ஹாய்’ சொல்லும் வேகம் மாறும். கீழே ஒருத்தர் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினாலே மேலே எவ்வளவு சூடு என்று தெரிந்துவிடும். 28 நாடுகளிலிருந்து 570-க்கும் அதிகமானோர் தாங்கள் கேட்டதை எழுதி அனுப்பினார்கள். மூணு வாரம் வேலை செய்தது.

நம்ம ஊர்ப் பக்கமும் இந்தக் கதை உண்டு. 2005 மே 5-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்டோசாட்-1 உடன் ஹாம்சாட் போனது. அதில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள். ஒன்று இந்தியாவில் செய்தது. இன்னொன்றைச் செய்தவர் நெதர்லாந்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பொறியியல் மாணவர். 2014 வரை அது வேலை செய்தது. 2009 ஏப்ரலில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் போனது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள் அதுதான்.

நிலையத்திலும் ஹாம் ரேடியோ இருக்கு. முக்கியமா இரண்டு அலைவரிசைகளை நினைவில் வைங்க. 145.800 மெகாஹெர்ட்ஸ்: பள்ளி மாணவர்களோடு விண்வெளி வீரர்கள் பேசுவதும், சில சிறப்பு நாட்களில் படங்கள் வருவதும் இதில்தான். 145.825 மெகாஹெர்ட்ஸ்: கீழிருந்து ஹாம்கள் அனுப்பும் குட்டி டிஜிட்டல் செய்திகளை வாங்கி, மறுபடி உலகத்துக்கே அனுப்பும் பாக்கெட் ரிப்பீட்டர். எந்தக் கருவி எப்போது இயங்குகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். போவதற்கு முன் பார்த்துக்கொள்வது நல்லது. பழகுவதற்கு 145.825 தான் சரி.

முதல்ல பேப்பர், பிறகு மாடி

நாலு எண்கள் போதும். பூமியின் ஆரம் 6371 கி.மீ. நிலையத்தின் உயரம் சுமார் 420 கி.மீ. வேகம் நொடிக்கு 7.66 கி.மீ. ஒரு சுற்றுக்கு சுமார் 93 நிமிஷம்.

முதல் கேள்வி: பாஸ் எவ்வளவு நேரம்? பூமியின் மையம், நாம், அடிவானத்தில் இருக்கும் நிலையம், மூன்றையும் சேர்த்தால் ஒரு செங்கோண முக்கோணம். மையத்தில் இருக்கும் கோணத்தின் காஸ் மதிப்பு 6371-ஐ 6791-ஆல் வகுத்தால் வருவது, 0.938. கோணம் 20.3 டிகிரி. எழுவதிலிருந்து மறைவது வரை அதுபோல இரண்டு மடங்கு, 40.6 டிகிரி. 360 டிகிரிக்கு 93 நிமிஷம் என்றால் 40.6 டிகிரிக்கு பத்தரை நிமிஷம். அதுவும் தலைக்கு நேர் மேலே போனால்தான். பிளஸ் டூ கணக்கு, அவ்ளோதான்.

இரண்டாவது: எவ்வளவு தூரம்? அதே முக்கோணத்தில் பித்தகோரஸ் போட்டால் அடிவானத்தில் இருக்கும்போது 2350 கி.மீ. தலைக்கு மேலே வரும்போது 420 கி.மீ. ஐந்தரை மடங்கு வித்தியாசம், அதாவது 15 டெசிபல். ஒரே பாஸுக்குள் சிக்னலின் பலம் முப்பது மடங்கு ஏறி இறங்கும்.

மூன்றாவது: நம்ம கைக்கு எவ்வளவு வந்து சேரும்? மேலே 5 வாட் அனுப்புறாங்கன்னு வைத்துக்கொள்வோம். அது 37 டிபிஎம். 420 கி.மீ. தூரத்துக்கு வெற்றிட இழப்பு 128 டெசிபல். மிச்சம் மைனஸ் 91 டிபிஎம், ஒரு பிக்கோவாட்டுக்கும் கொஞ்சம் கம்மி. அடிவானத்தில் மைனஸ் 106. கேட்கவே பயமா இருக்கு இல்ல? ஆனா 15 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு வெப்ப இரைச்சல் மைனஸ் 132 டிபிஎம் தான். சுமாரான ரிசீவர் அதில் 6 டெசிபலைக் கெடுத்தாலும் மைனஸ் 126. ஆக, கணக்குப்படி அடிவானத்திலேயே 20 டெசிபல் கையிருப்பு இருக்கு. இதை மனசில் வைங்க. கேட்கலைன்னா தப்பு வானத்தில் இல்ல, நம்ம பக்கத்தில்.

நாலாவது: டாப்ளர். அடிவானத்தில் இருக்கும்போது நம்மை நோக்கி வரும் வேகம் முழு 7.66 இல்லை, அதோடு அந்த 0.938-ஐப் பெருக்கணும். நொடிக்கு 7.19 கி.மீ. இதை ஒளியின் வேகத்தால் வகுத்து 145.825-ஆல் பெருக்கினால் 3.5 கிலோஹெர்ட்ஸ். எழும்போது 145.8285-ல் கேட்கும். உச்சியில் சரியாக 145.825. மறையும்போது 145.8215. ஆம்புலன்ஸ் சைரன் உதாரணத்தோட நாம விட்டுட்டு வந்த அதே டாப்ளர்தான்.

ஸ்டீல் டேப் ஆன்டெனா

வீட்ல பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. தூர்தர்ஷன் காலத்தில் மாடியில் ஒருத்தர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே டிவி முன்னாடி ஒருத்தர் “தெரியுது... தெரியுது... ஐயோ, போச்சு!”ன்னு கத்துவார். அந்த மீன்முள் மாதிரி ஆன்டெனாதான் யாகி. நாம செய்யப்போறதும் அதுதான், மூணு முள்ளோட.

ஹாம்களிடையே ரொம்ப நாளாகப் புழங்கும் அளவுகள் இவை. பின்பக்க ரிஃப்ளெக்டர் 105 செ.மீ. நடுவில் கேபிள் இணையும் எலிமென்ட் 45 செ.மீ. துண்டுகள் இரண்டு, நடுவே 2.5 செ.மீ. இடைவெளி. முன்பக்க டைரக்டர் 89 செ.மீ. ரிஃப்ளெக்டருக்கும் நடு எலிமென்டுக்கும் 20 செ.மீ. தூரம், அங்கிருந்து டைரக்டருக்கு 32 செ.மீ. நடுத் துண்டுகள் இரண்டையும் சேர்த்து 12.7 செ.மீ. நீளமுள்ள ஒரு கம்பியை ஹேர்பின் மாதிரி வளைத்து சால்டர் பண்ணணும். மின்தடையைக் கேபிளோடு பொருத்துவது அந்தக் குட்டிக் கம்பிதான். அதே இரண்டு முனைகளில் கோஆக்சியல் கேபிள்.

அலைநீளம் 300-ஐ 145.8-ஆல் வகுத்தால் 2.06 மீட்டர். அதில் பாதி 103 செ.மீ. ரிஃப்ளெக்டர் அதைவிடக் கொஞ்சம் நீளம், டைரக்டர் குறைவு. ஏன் என்று உங்க ஆன்டெனா நோட்ஸைத் திறந்து பாருங்க, இந்த முறை படிக்கப் பிடிக்கும்.

இரண்டு டிப்ஸ். டேப் மேல இருக்கும் மஞ்சள் பெயின்ட்டை உப்புத்தாள் வைத்து நல்லா சுரண்டி, ஃப்ளக்ஸ் போட்டால்தான் சால்டர் ஒட்டும். வெட்டிய முனைகள் பிளேடு மாதிரி இருக்கும், இன்சுலேஷன் டேப் சுற்றிடுங்க. என் கட்டைவிரல் சாட்சி.

டாங்கிள்

ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று கேட்டால் கிடைக்கும். அடிப்படையில் அது கம்ப்யூட்டரில் டிவி பார்க்கச் செய்த டாங்கிள். உள்ளே இருக்கும் சிப் கச்சா சாம்பிள்களை அப்படியே கம்ப்யூட்டருக்கு அனுப்பும் என்பதை 2012 வாக்கில் சிலர் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து இது ஏழைகளின் ஸ்பெக்ட்ரம் அனலைசர். டிமாடுலேஷன் எல்லாம் சாஃப்ட்வேரில். விண்டோஸில் எஸ்டிஆர்-ஷார்ப், லினக்ஸில் ஜிக்யூஆர்எக்ஸ். நேரோ எஃப்எம் மோடு, ஸ்குவெல்ச் கட்டாயம் ஆஃப்.

நிலையம் எப்போது வரும் என்பதை ஜிபிரெடிக்ட் சொல்லும். அதற்குத் தேவையான சுற்றுப்பாதை விவரம் இரண்டு வரியில் இருக்கும். நிலையம் காற்றின் உரசலால் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், அவ்வப்போது மேலே தள்ளியும் விடுவார்கள். அதனால் அந்த இரண்டு வரியைப் புதுசா டவுன்லோட் பண்ணிக்கணும். உச்சக் கோணம் 40 டிகிரிக்கு மேல் இருக்கும் பாஸைத் தேர்ந்தெடுங்க.

என் மூணு ஃபெயில்

முதல் ஃபெயில். லிஸ்ட்ல 13:40-ன்னு போட்டிருந்துச்சு. மதியம் 1:40-க்கு கொதிக்கிற மாடியில் செருப்பைக் கழட்ட முடியாம நின்னேன். ஒரு சத்தமும் இல்ல. அது உலகப் பொது நேரம். நமக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டணும். நிலையம் வந்தது ராத்திரி 7:10-க்கு. அப்போ நான் மெஸ்ஸில் இருந்தேன்.

இரண்டாவது ஃபெயில். சிக்னல் ரொம்ப வீக்னு நானே முடிவு பண்ணி கெயினை முழுசா ஏத்திட்டேன். திரை முழுக்க கோடுகள், எங்கே திருப்பினாலும் யாரோ விளம்பரம் பேசுறாங்க. ஊருக்குள் இருக்கும் எஃப்எம் கோபுரத்தோட சிக்னல் நம்ம செயற்கைக்கோளைவிடப் பல லட்சம் மடங்கு பெருசு. அது டாங்கிளோட முதல் ஆம்ப்ளிஃபையரைத் திணறடிச்சுடுச்சு. லேபில் ஆப்-ஆம்ப் அவுட்புட் தலையை வெட்டின மாதிரி வருமே, அதே கதை. திருவிழா ஸ்பீக்கர் பக்கத்தில் நின்னுட்டு ரகசியம் கேட்கணும்னா காதுக்கு மைக் வைத்துப் பிரயோஜனம் இல்ல. சரியான முறை: ஆன்டெனாவை மாட்டிட்டு கெயினைப் படிப்படியா ஏத்துங்க. இரைச்சலின் அடிமட்டம் லேசா உயர ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்திடுங்க.

மூணாவது ஃபெயில். நேரம் சரி, கெயின் சரி. பாஸ் நடுவில் ஏதோ ‘ஸ்ர்ர்’னு கேட்ட மாதிரி இருந்துச்சு, ஆனா இரைச்சல் அமுக்கிடுச்சு. பாஸ் முடிஞ்ச பிறகு கடுப்பில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். வாட்டர்ஃபால் திரையில் வரிசையா இருந்த கோடுகள் சட்டுனு காணாமப் போச்சு. சார்ஜருக்குள் இருக்கும் ஸ்விட்ச்சிங் சர்க்யூட்தான் இவ்வளவு நேரமும் பேசிக்கிட்டு இருந்துச்சு! பேப்பரில் மைனஸ் 126-ன்னு போட்ட இரைச்சல் உண்மையில் எங்கேயோ மேலே இருந்திருக்கு. கையிருப்பா இருந்த 20 டெசிபலைத் தின்னது என் சொந்தச் சார்ஜர்.

நாலாவது பாஸ்

பேட்டரியில் லேப்டாப். உச்சக் கோணம் 68 டிகிரி. தென்மேற்கில் எழும், வடகிழக்கில் மறையும். வாட்ச்மேன் அண்ணன் வந்து “என்ன தம்பி, மீன் பிடிக்கப் போறியா?”ன்னு கேட்டுட்டு நின்னார். முதல் ஒன்றரை நிமிஷம் ஒண்ணும் இல்ல, எதிர் பிளாக் மறைக்குது. பிறகு சுத்தமான இரைச்சலுக்கு நடுவில் அரை நொடிக்கு ஒரு ‘ஸ்ர்ர்க்’. பழைய ஃபேக்ஸ் மெஷின் இருமின மாதிரி. இன்னொண்ணு. இன்னொண்ணு.

ஆன்டெனாவைப் பிடிச்சிருந்த மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினா சத்தம் கூடுது, இன்னும் திருப்பினா குறையுது. அது போலரைசேஷன். சிலபஸில் இரண்டு மார்க் கேள்வியாப் படிச்சது கையில் உறைச்சது அப்போதான். டைர்வுல்ஃப் என்ற சாஃப்ட்வேர் அந்த இருமலை எழுத்தாக்கி, நிலையத்தின் அழைப்புக் குறி ஆர்எஸ்0ஐஎஸ்எஸ் என்று காட்டியது. வாட்ச்மேன் அண்ணன் வானத்தைப் பார்த்தார். நிலையம் வெள்ளையா, சிமிட்டாம, மெதுவாப் போய்க்கிட்டு இருந்துச்சு. “அதுவா இது?”ன்னார். அதேதான்.

ரெக்கார்டிங்கை வைத்து, ஒவ்வொரு பாக்கெட்டும் எந்த நொடியில், எந்த அலைவரிசையில் வந்தது என்று ராத்திரி குறிச்சேன். 14 புள்ளிகள் கிடைச்சது. கிராஃப் ஷீட்டில் போட்டால் படுத்த எஸ் மாதிரி ஒரு வளைவு. மொத்த இறக்கம் சுமார் 6.5 கிலோஹெர்ட்ஸ். நடுப்புள்ளி மட்டும் 145.825-ல் இல்லை, கிட்டத்தட்ட 3 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தால் 20 பிபிஎம். என் டாங்கிளில் இருக்கும் கிரிஸ்டலின் பிழையை விண்வெளி நிலையமே அளந்து கொடுத்துடுச்சு.

இந்த வளைவைச் சாதாரணமா நினைக்காதீங்க. தலைக்கு மேலே வரும் நேரத்தில்தான் அது செங்குத்தா இறங்கும். நேர் மேலே போகும் பாஸில் நொடிக்கு 60 ஹெர்ட்ஸுக்கு மேல். எவ்வளவு செங்குத்து என்பதிலிருந்து எவ்வளவு கிட்ட வந்தது என்று கணக்கிடலாம். 1957-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் கையர், வைஃபன்பாக் என்ற இரு இளம் இயற்பியலாளர்கள் ஸ்புட்னிக்கின் ‘பீப்’பைக் கேட்டு, அதன் டாப்ளர் வளைவை மட்டும் வைத்தே சுற்றுப்பாதையைக் கண்டுபிடித்தார்கள். அதைத் தலைகீழாக்கினால், பாதை தெரிந்த செயற்கைக்கோளை வைத்து நாம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று சொன்னார் அங்கேயே பணியாற்றிய மெக்ளூர். அதிலிருந்து பிறந்ததுதான் டிரான்சிட், ஜிபிஎஸ்ஸுக்கு முன்னோடி. எல்லாம் ஒரு ரிசீவரில் தற்செயலா ‘பீப்’ கேட்டதில் ஆரம்பிச்சது.

‘அடுத்த செம்’ வேண்டாம்

ஒரு வருத்தத்தையும் சொல்லிடறேன். நான் செகண்ட் இயர் படிக்கும்போது சீனியர்கள் இதே மாடியில் 137 மெகாஹெர்ட்ஸில் நோவா வானிலைச் செயற்கைக்கோள்களின் படத்தைப் பிடிப்பாங்க. சத்தத்திலிருந்து வரி வரியா மேகம் எழும். வங்காள விரிகுடா, இலங்கை எல்லாம் தெரியும். “நீயும் வாடா”ன்னாங்க. “அடுத்த செம்ல பண்ணிக்கலாம்ணா”ன்னேன். நோவா-15 மேலே போனது 1998-ல், எங்கே போயிடப்போகுதுன்னு நினைச்சேன். 2025 ஜூனில் நோவா-18, ஆகஸ்டில் நோவா-19, அதே மாசம் நோவா-15. மூணையும் நிறுத்திட்டாங்க. அந்த ‘டிக் டாக்’ சத்தத்தை நான் நேரில் ஒரு தடவைகூடப் பிடிக்கல. ரஷ்யாவின் மெட்யோர்-எம் இன்னும் டிஜிட்டலாப் படம் அனுப்புது, அதைப் பிடிக்கலாம். ஆனா அது வேற அனுபவம்.

எதிர்க்கதையும் உண்டு. ஆஸ்கார்-7 என்ற ஹாம் செயற்கைக்கோள் 1974 நவம்பரில் போனது. 1981-ல் பேட்டரி பழுதாகி செத்துப்போச்சுன்னு எழுதி மூடிட்டாங்க. 2002 ஜூனில் ஒரு ஹாமுக்கு அதன் குரல் கேட்டது. ஷார்ட் ஆகியிருந்த பேட்டரி திறந்துகொண்டதால், சோலார் பேனல் நேரடியாக ரேடியோவுக்கு உயிர் கொடுக்க ஆரம்பிச்சுடுச்சு. வெயில் படும்போது பேசும், நிழலுக்குள் போனால் தூங்கும். யாரோ ஒருத்தர் காதைத் திறந்து வெச்சிருந்ததால்தான் அது உயிரோட இருப்பதே நமக்குத் தெரிஞ்சது.

இங்கே சொன்னது எல்லாம் கேட்பது மட்டும். பதில் பேச, அதாவது ஒலிபரப்ப, உரிமம் கட்டாயம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இயங்கும் வயர்லெஸ் பிரிவு தேர்வு நடத்துது. 12 வயசு முடிஞ்சவங்க யாரும் எழுதலாம். இரண்டு தரம் இருக்கு. உயர்ந்த தரத்துக்கு மோர்ஸும் தெரியணும். உரிமம் இல்லாம வாக்கி டாக்கியை எடுத்து நிலையத்தைக் கூப்பிடுற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். மாடியில் ஏறும் முன் டிபார்ட்மென்ட்டிலும் செக்யூரிட்டியிடமும் சொல்லிடுங்க. கையில் யாகியோட இருட்டில் நிக்கிறவனைப் பார்த்தா யாருக்கும் சந்தேகம் வரும்.

உங்க முதல் பாஸுக்கு ஒரு சின்ன செக்லிஸ்ட்: நேரத்தை அஞ்சரை மணி கூட்டிப் பாத்தாச்சா? கெயின் அளவா இருக்கா? சார்ஜர் கழட்டியாச்சா? ஸ்குவெல்ச் ஆஃபா? ரெக்கார்டிங் ஆன் பண்ணியாச்சா? கடைசியா, பேப்பரும் பேனாவும்.

ஸ்டீல் டேப் யாகி எங்க பிளாக் மாடிப்படிக்குக் கீழே, பழைய பெஞ்சுக்குப் பின்னாடி இருக்கு. மே மாசத்துக்கு அப்புறம் நாங்க இருக்க மாட்டோம். டைரக்டர் கொஞ்சம் வளைஞ்சிருக்கும், நிமிர்த்திக்கோங்க. நிலையம் ஒரு நாளைக்குப் பதினைஞ்சு தடவைக்கு மேல் பூமியைச் சுத்துது. அதில் சில தடவை நம்ம தலைக்கு மேலேயும் வரும். இன்னைக்கு ராத்திரி எத்தனை மணிக்குன்னு பார்த்துட்டு ஏறுங்க.